பெட்ஃபோர்ட் லாரியின் பெர்கின்ஸ் பி6 எஞ்சினில் காணாமல் போனது கார்புரேட்டர் அல்ல, வெஞ்சுரி

உங்கள் கேள்வியின் சாரம் இது: அரிசி ஆலைக் கொட்டகை ஒன்றில் பல ஆண்டுகள் நின்றிருந்த, 1950-களைச் சேர்ந்த பெட்ஃபோர்ட் ஏ வகை லாரியை வாங்கியிருக்கிறீர்கள். அதில் இருப்பது பெர்கின்ஸ் பி6 டீசல் எஞ்சின். பிரித்துச் சுத்தம் செய்து மீண்டும் பூட்டிய பிறகும், எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதியான இன்லெட் மேனிஃபோல்டின் வாய் திறந்தே நிற்கிறது. அங்குள்ள ஸ்டட்களில் பூட்டுவதற்கான பொருள் எதுவும் உங்களுக்கு வந்த பெட்டிகளில் இல்லை. ஆக்சிலேட்டர் பெடலிலிருந்து வரும் கம்பி எதனுடனும் சேராமல் நடுவழியில் தொங்குகிறது. டீசல் பம்பின் பின்முனையில் உள்ள வட்டமான கூட்டில், குழாய் பூட்டுவதற்கான யூனியன் ஒன்று காலியாக இருக்கிறது. ஒரு மெக்கானிக் கார்புரேட்டர் இல்லை என்கிறார். இன்னொருவர் ஏர் கிளீனர் மட்டும்தான் இல்லை என்கிறார். மூன்றாமவர், பெடல் கம்பியை நீட்டிப் பம்பில் உள்ள லீவரில் மாட்டிவிட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கலாம் என்கிறார்.

மூவர் சொல்வதும் சரியல்ல. மூன்றாமவர் சொல்வது ஆபத்தானதும்கூட. உங்கள் எஞ்சினில் இல்லாதது, பட்டர்ஃப்ளை என்ற திறந்து மூடும் தகட்டுடன் கூடிய வெஞ்சுரி என்ற குறுகிய கழுத்துள்ள காற்றுக்குழல் பாகமும், அதிலிருந்து பம்பின் கவர்னருக்கு, அதாவது எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதிக்குச் செல்லும் வேக்குவம் (உறிஞ்சல்) குழாயும் ஆகும். ஏர் கிளீனர் அதற்கு மேல் உட்காரும் பொருள் என்பதால் அதுவும் இல்லாமல் இருக்கலாம், ஆனால் அது இரண்டாவது பிரச்சினை. வெஞ்சுரியும் குழாயும் கிடைத்துப் பூட்டப்படும் வரை இந்த எஞ்சினை எந்தக் காரணத்துக்காகவும் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

டீசல் எஞ்சினுக்குப் பட்டர்ஃப்ளை எதற்கு என்ற சந்தேகம் உங்கள் மெக்கானிக்குகளுக்கு வந்தது இயல்புதான். பெட்ரோல் எஞ்சினில் காற்றைக் கட்டுப்படுத்தித்தான் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறோம். டீசலில் காற்றை அதன் போக்கில் விட்டுவிட்டு, பம்ப் தள்ளும் எரிபொருளின் அளவை மட்டும் மாற்றுகிறோம். நாம் பழகிய பெரும்பாலான லாரிகளில் பெடலுக்கும் பம்பின் கவர்னர் லீவருக்கும் நேரடித் தொடர்பு இருக்கும். கவர்னருக்குள் சுழலும் எடைகள் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். பி6 எஞ்சினில் பூட்டப்பட்ட சி.ஏ.வி நிறுவனத்தின் டீசல் பம்பில் அப்படிப்பட்ட எடைகள் கிடையாது. அதன் கவர்னர் காற்றின் உறிஞ்சலால் இயங்குவது.

பம்பின் பின்முனையில் நீங்கள் பார்த்த வட்டக் கூட்டுக்குள் டயஃப்ரம் என்ற, வளைந்துகொடுக்கும் மெல்லிய தடுப்பு ஒன்று இருக்கிறது. அது பம்பின் ராக், அதாவது எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் பல்கம்பியுடன் இணைந்திருக்கிறது. டயஃப்ரத்துக்குப் பின்னால் இருக்கும் ஸ்பிரிங், ராக்கை எப்போதும் முழு எரிபொருள் நிலையை நோக்கியே தள்ளிக்கொண்டிருக்கும். மேனிஃபோல்டின் வாயில் உட்காரும் வெஞ்சுரியின் குறுகிய கழுத்து வழியாக எஞ்சின் காற்றை இழுக்கும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்த வேக்குவம் குழாய் வழியாக டயஃப்ரத்தை அடைந்து, ஸ்பிரிங்கை எதிர்த்து ராக்கைப் பின்னுக்கு இழுக்கிறது. பெடலை விட்டால் பட்டர்ஃப்ளை மூடிக்கொள்கிறது, வேக்குவம் கூடுகிறது, எரிபொருள் குறைந்து எஞ்சின் ஐடிலிங்குக்கு, அதாவது சுமையின்றி மெதுவாக ஓடும் நிலைக்கு வருகிறது. பெடலை மிதித்தால் பட்டர்ஃப்ளை திறக்கிறது, வேக்குவம் தளர்கிறது, ஸ்பிரிங் ராக்கை முன்னே தள்ளுகிறது. பட்டர்ஃப்ளை முழுதும் திறந்திருக்கும் நிலையிலும், எஞ்சின் வேகம் உச்சத்தைத் தொடும்போது கழுத்தில் பாயும் காற்றின் விரைவே போதிய வேக்குவத்தை உண்டாக்கி எரிபொருளைக் குறைத்துவிடும். ஐடிலிங்கும் உச்சவேகமும் இப்படி ஒரே ஏற்பாட்டில் அடங்குகின்றன. நகரும் பாகங்கள் மிகக் குறைவு. எளிமையும் அழகும் கொண்ட வடிவமைப்பு என்றே இதை நான் கருதுகிறேன், ஒரு குழாய் விடுபட்டாலும் முழுதும் செயலற்றுப் போகிறது என்ற ஒரு குறையைத் தவிர.

உங்கள் லாரியில் தனித்தனியாகத் தெரிந்த மூன்று குறைகளும் இங்கேதான் ஒன்று சேருகின்றன. திறந்த மேனிஃபோல்ட் வாய் வெஞ்சுரி உட்காரும் இடம். தொங்கும் பெடல் கம்பி அதன் பட்டர்ஃப்ளை லீவரில் சேர வேண்டியது. காலியான யூனியன் அதன் குழாய் வந்து முடியும் இடம். ஏர் கிளீனர் மட்டும் இல்லை என்று கொண்டால் முதலாவது குறைக்கு விளக்கம் கிடைக்கும், மற்ற இரண்டும் எஞ்சும். கார்புரேட்டர் என்று கொண்டால் முதல் இரண்டும் பொருந்துவதுபோல் தோன்றும், யூனியன் எஞ்சும். பழைய வண்டிகளில் காணாத பாகத்தைத் தேடும்போது, ஒரு துளைக்கு என்ன பொருந்தும் என்று கேட்பதைவிட, அனாதையாக நிற்கும் எல்லா முனைகளையும் சேர்த்து இணைக்கக்கூடிய ஒரே பொருள் எது என்று கேட்பது விரைவில் விடையைத் தரும்.

இருந்தாலும் என் சொல்லை மட்டும் நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம்; வண்டியிலேயே உறுதி செய்துகொள்ள வழிகள் உண்டு. முதலில் கவர்னர் கூட்டின் வடிவத்தைப் பாருங்கள். எடைகளால் இயங்கும் கவர்னரின் கூடு ஆழமாக நீண்டு, வேகத்தை மாற்றும் லீவர் ஒன்றைப் பக்கவாட்டில் கொண்டிருக்கும். டயஃப்ரம் கவர்னரின் கூடு தட்டையானது. இரண்டு பாதிகளாக, விளிம்பைச் சுற்றித் திருகுகளால் பூட்டப்பட்டு, இடையில் டயஃப்ரத்தின் ஓரம் கவ்வப்பட்டிருக்கும். வெளிப்பாதியில் யூனியன் இருக்கும். அந்தக் கூட்டில் காணப்படும் ஒரே லீவர் எஞ்சினை நிறுத்துவதற்கானது. டாஷ்போர்டில் உள்ள ஸ்டாப் கேபிள் அதில்தான் வந்து சேரும். உங்கள் மூன்றாவது ஆலோசகர் பெடலை மாட்டச் சொன்னது இந்த லீவரில்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது மேனிஃபோல்டின் வாய். அதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளப்பாக்கும் முன் நன்றாகப் பாருங்கள். ஏற்கெனவே தேய்த்துவிட்டீர்கள் என்றால் பழைய புகைப்படங்களில் தேடுங்கள். கேஸ்கட் பதிந்த தடம், பெயின்ட் படாமல் விட்ட நிழல், துருவின் எல்லை ஆகிய மூன்றும் அங்கிருந்து போன பாகத்தின் அடிவடிவத்தை அப்படியே வரைந்து வைத்திருக்கும். ஸ்டட்களில் மரையின் எந்தப் பகுதி சுத்தமாகவும் எந்தப் பகுதி துருவேறியும் இருக்கிறது என்பதிலிருந்து அந்தப் பாகத்தின் பிளாஞ்சின், அதாவது ஸ்டட்களில் உட்காரும் விளிம்புத் தகட்டின் தடிமன்கூடத் தெரிந்துவிடும். ஒரு தாளை வாயின்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டட்களுக்கு இடையிலான மையத் தூரத்தையும் வாயின் உள்விட்டத்தையும் வெர்னியரால் அளந்து அதன்மேலேயே எழுதிவையுங்கள். உதிரிபாகக் கடைக்குப் போகும்போது கைப்பேசிப் படத்தைவிட இந்தத் தாள் அதிகம் உதவும், ஏனென்றால் படத்தில் அளவு தெரியாது.

இங்கே சில குழப்பங்களைத் தனியே சொல்ல வேண்டும். வெஞ்சுரியைப் பார்த்தவர்கள் அதைக் கார்புரேட்டர் என்று எண்ணுவதற்குக் காரணம், மிதவைக் கிண்ணம் இல்லாத கார்புரேட்டரைப் போலவே அது தோற்றமளிப்பதுதான். இதே காரணத்தால் பழைய கடைகளில் அது கார்புரேட்டர் குவியலில் கிடக்கும்; அங்கேயும் தேடுங்கள். மாறாக, உண்மையான கார்புரேட்டரின் உடலைக் கொண்டுவந்து ஒப்புக்குப் பூட்டுவது பயன்படாது. அதன் கழுத்தும் வேக்குவம் எடுக்கும் இடமும் இந்தக் கவர்னருக்காக அளவிடப்பட்டவை அல்ல. இரண்டாவதாக, பி6 மேனிஃபோல்டில் சிறிய மரைத் துளைகள் இருந்தால் அவற்றை வேக்குவம் குழாயின் இடம் என்று கொள்ளாதீர்கள். குளிர்ந்த நேரத்தில் ஸ்டார்ட் செய்வதற்காக, டாஷ்போர்டில் உள்ள கைப்பம்பால் மேனிஃபோல்டுக்குள் சிறிது எரிபொருளைத் தெளித்து ஹீட்டர் பிளக்கால் பற்றவைக்கும் கிகாஸ் என்ற ஏற்பாடு இந்த எஞ்சின்களில் இருந்தது; அந்தத் துளைகள் அதற்கானவையாக இருக்கலாம். மூன்றாவது, பிரேக். வேக்குவம் துணையோடு இயங்கும் பிரேக்குக்குப் பெட்ரோல் எஞ்சினில் மேனிஃபோல்டிலிருந்தே உறிஞ்சலை எடுத்துக்கொள்வார்கள். டீசலில் அதற்கென்று எக்ஸ்ஹாஸ்டர் என்ற தனிப் பம்ப் வேண்டும். சேஸில் தொங்கும் தடித்த வேக்குவம் குழாய் ஒன்றைக் கண்டு, அதுதான் கவர்னர் குழாய் என்று எண்ணி வெஞ்சுரியில் சேர்த்துவிட்டால் பிரேக்கும் கெடும், கவர்னரும் கெடும்.

இப்போது ஆபத்தைப் பற்றி. யூனியன் காலியாக இருக்கும்போது டயஃப்ரத்தின் இரு பக்கமும் ஒரே காற்றழுத்தம்தான். ஆகவே ஸ்பிரிங் ராக்கை முழு எரிபொருளில் வைத்திருக்கும். அந்த நிலையில் எஞ்சின் பற்றிக்கொண்டால் அதன் வேகத்தைத் தானாகத் தடுக்க எதுவும் இல்லை. வேகம் ஏறிக்கொண்டே போகும், பெடலுக்கு எந்தச் செல்வாக்கும் இருக்காது. யூனியனை ஒரு போல்ட்டால் அடைத்துவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அதனால் கவர்னர் வேலை செய்துவிடாது. உள்ளே அடைபட்ட காற்று சிறிது கசிந்தவுடன் ராக் மறுபடியும் முழு எரிபொருளுக்குப் போகும். பெடலை ஸ்டாப் லீவரில் கோப்பதும் அதே கதைதான்: நிறுத்துவதற்கென்று இருந்த ஒரே வழியையும் அது பறித்துவிடுகிறது. பி6-இன் சாலை வாகன வகை நிமிடத்துக்கு 2400 சுழற்சிகள்வரை ஓடுவதற்கானது. அதை வெகுவாகத் தாண்டினால் வால்வுகளும் கனெக்டிங் ராடுகளும் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

பாகத்தைத் தேடப் போவதற்கு முன், கையில் இருப்பது உண்மையிலேயே பி6 என்பதை உறுதி செய்யுங்கள். இங்கிலாந்தின் பீட்டர்பரோ நகரில் 1932-இல் தொடங்கிய பெர்கின்ஸ் நிறுவனம் 1937-இல் பி6-ஐ வெளியிட்டது. ஆறு சிலிண்டர்கள், 3.5 அங்குல போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 5 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 4.73 லிட்டர். பெட்ரோல் லாரிகளை டீசலுக்கு மாற்றுவதற்கு உலகெங்கும் பெரிதும் பயன்பட்ட எஞ்சின் இது; 1953-இல் வந்த பெட்ஃபோர்ட் ஏ வகையில் பெர்கின்ஸ் டீசலைத் தொழிற்சாலையிலேயே கேட்டு வாங்கவும் முடிந்தது. நம் பக்கத்தில் இதற்குத் தனி வரலாறு உண்டு. 1840-இல் குதிரை வண்டிகள் செய்யத் தொடங்கிய சென்னையின் சிம்ப்சன் நிறுவனம், 1950-களில் பெர்கின்ஸ் எஞ்சின்களைச் செம்பியத்தில் தயாரிக்கத் தொடங்கியது. ஆகவேதான் இங்குள்ள மூத்த மெக்கானிக்குகள் பலருக்குப் பெர்கின்ஸ் என்ற பெயரைவிடச் சிம்ப்சன் எஞ்சின் என்ற பெயர்தான் பழக்கம். உங்கள் எஞ்சினின் பிளேட்டில் எந்தப் பெயர் இருந்தாலும், முத்திரையிட்ட எஞ்சின் எண்ணை எழுத்துகளோடு முழுமையாகக் குறித்துக்கொள்ளுங்கள். பாகப் பட்டியலில் வெஞ்சுரியின் எண்ணைத் தேடும்போது இந்த எண்தான் வழிகாட்டும். வார்ப்பில் புடைத்துத் தெரியும் எண் வேறு, பட்டியலில் உள்ள பாக எண் வேறு. ஒரே வார்ப்பைப் பலவிதமாகக் கடைந்து பல பாகங்களாக்குவது வழக்கம் என்பதால், வார்ப்பு எண் ஒத்துப்போகிறது என்று யாராவது சொன்னால் அது தொடக்கம் மட்டுமே.

இந்த எச்சரிக்கைக்குக் காரணம் இருக்கிறது. மூன்று சிலிண்டர் பி3, நான்கு சிலிண்டர் பி4 ஆகியவையும் இதே போர், இதே ஸ்ட்ரோக் கொண்ட உடன்பிறப்புகள். அவற்றின் வெஞ்சுரிகள் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றலாம், கழுத்தின் அளவு ஒன்றல்ல. கணக்கு எளிது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை தன் கொள்ளளவு காற்றை இழுக்கிறது, 4.73 லிட்டர் பி6, 2400 சுழற்சியில், நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,700 லிட்டர் காற்றை இழுக்கும். அதே வேகத்துக்கென்று அளவிட்ட பி4-இன் கழுத்து இதில் மூன்றில் இரண்டு பங்கு காற்றுக்கானது. அதைப் பி6-இல் பூட்டினால், கழுத்தில் அதே காற்று விரைவு 1600 சுழற்சியிலேயே வந்துவிடும். கவர்னர் அங்கேயே எரிபொருளைக் குறைக்கத் தொடங்கும். லாரி மேட்டில் மூச்சுத் திணறும், நீங்கள் பம்பைக் குறை சொல்வீர்கள். தவறு மறுதிசையில் இருந்தால், அதாவது கழுத்து அகலமாக இருந்தால், எஞ்சின் அனுமதிக்கப்பட்ட வேகத்தைத் தாண்டும். இரண்டில் முதலாவது எரிச்சல், இரண்டாவது நாசம்.

பி6 எஞ்சின் லாரியில் மட்டும் இருக்கவில்லை. ஃபோர்ட்சன் மேஜர் இ27என் டிராக்டரில் பூட்டப்பட்டது; படகுகளில் ஓடியது; கம்ப்ரசர், ஜெனரேட்டர் செட்டுகளிலும் உண்டு. ஆகவே லாரி உதிரிகளில் கிடைக்காவிட்டால் இவற்றில் தேடலாம், குறிப்பாகப் பழைய விசைப்படகு எஞ்சின்களைப் பிரிப்பவர்களிடம் விசாரியுங்கள். ஆனால் டிராக்டரும் ஜெனரேட்டரும் லாரியைவிடக் குறைந்த வேகத்தில் ஓடுவதற்காகச் சரிசெய்யப்பட்டவை. கழுத்து, கவர்னர் ஸ்பிரிங், உச்சவேக ஸ்டாப் ஸ்குரூ ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். வாங்கும்போது குழாய், லீவர், ஸ்டாப் ஸ்குரூக்கள் எல்லாம் சேர்ந்த முழு அசெம்பிளியாக வாங்குங்கள். பட்டர்ஃப்ளையின் ஷாஃப்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். தளர்ந்த ஷாஃப்டின் ஓரமாகக் காற்று புகுந்தால் ஐடிலிங் ஒருபோதும் நிலைக்காது. ஷாஃப்ட் தேய்மானத்தைப் புஷ் போட்டு எந்த நல்ல லேத் பட்டறையும் சரிசெய்யும். கழுத்துக்குள் இருக்கும் சிறிய வேக்குவம் குழல் உடைந்திருந்தால் அந்தப் பாகத்தை விட்டுவிடுங்கள். முழு வெஞ்சுரியையும் லேத்தில் புதிதாகக் கடைந்து தருகிறேன் என்பவரிடம், மாதிரிக்கு ஓர் அசலைக் கையில் கொடுக்க முடிந்தாலன்றி ஒப்படைக்க மாட்டேன்.

வெஞ்சுரி வந்துசேரும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. பம்பின் பக்கத்தைச் சோதித்து முடிக்கலாம். பல ஆண்டுகள் நின்ற வண்டியில் ராக் முழு எரிபொருள் நிலையிலேயே இறுகிப் போயிருக்க வாய்ப்பு அதிகம், அப்படி இருந்தால் புதிய வெஞ்சுரியால் எந்தப் பயனும் இல்லை. ஸ்டாப் லீவரை அசைத்து, ராக் தடையின்றிப் போய் வருகிறதா என்று பாருங்கள். பிறகு லீவரை ஸ்டாப் நிலைக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு, காலியான யூனியனின் வாயை விரலால் இறுக அடைத்து, லீவரை விடுங்கள். டயஃப்ரம் நன்றாக இருந்தால் ராக் சிறிது நகர்ந்து நின்றுவிடும், பிறகு மிக மெதுவாகவே திரும்பும். சட்டென்று முழுதும் திரும்பி வந்தால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது அல்லது விளிம்பில் காற்று கசிகிறது. இந்த டயஃப்ரங்கள் பதப்படுத்திய தோலால் ஆனவை; காய்ந்து வெடித்திருப்பது இந்த வயதில் சகஜம். மாற்றும் வேலையை டீசல் பம்ப் சர்வீஸ் செய்யும் இடத்தில், டெஸ்ட் பெஞ்சில் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். பம்ப் பெஞ்சுக்குப் போவதானால் வெஞ்சுரி எந்த எஞ்சினிலிருந்து வந்தது என்பதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள், ஸ்பிரிங்கைச் சரிபார்க்க அது தேவைப்படும்.

குழாயைப் புதிதாகச் செய்வதானால், யூனியனின் உள்விட்டத்துக்கு ஒத்த உலோகக் குழாயே சிறந்தது. இடையில் ஹோஸ் சேர்க்க நேர்ந்தால், உறிஞ்சலில் ஒட்டிக்கொள்ளாத தடித்த சுவர் கொண்டதாக இருக்கட்டும். வெஞ்சுரிக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையே கேஸ்கட் புதியதாக இருக்க வேண்டும். அங்கே காற்று புகுந்தால் அந்த அளவு காற்று கழுத்து வழியாக வராது, வேக்குவம் குறையும், வேகம் கூடும்.

முதல் ஸ்டார்ட்டின்போது, மேனிஃபோல்டின் வாயைவிடப் பெரிய தடித்த பலகை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் அருகிலேயே நிற்கட்டும். ஸ்டாப் கேபிள் பயன்படாமல் வேகம் ஏறினால், காற்று நுழையும் வாயைப் பலகையால் மூடுவதுதான் விரைவான வழி. டேங்க் குழாயை அடைத்தால் பம்பிலும் ஃபில்டரிலும் மிச்சமிருக்கும் டீசல் தீரும்வரை எஞ்சின் ஓடும். வெறும் கையையோ துணியையோ ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள், துணி உள்ளே இழுக்கப்பட்டுவிடும், கைக்கும் காயம் ஏற்படும். இதற்கு ஏர் கிளீனர் இல்லாமல் இருப்பதே வசதி. ஆனால் உச்சவேகத்தை இறுதியாகச் சரிபார்க்கும்போது ஏர் கிளீனர் சுத்தமாக, தன் இடத்தில் பூட்டப்பட்டிருக்க வேண்டும். அதன் தடையும் கழுத்தில் வேக்குவத்தைக் கூட்டும் என்பதால், அது இல்லாமல் செய்த அட்ஜஸ்ட்மென்ட் பிறகு பொருந்தாது.

சாலையில் இறக்கிய பின் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. மேட்டில் கியரில் இருக்கும்போது எஞ்சின் நின்று, லாரி பின்னோக்கி உருண்டால், எஞ்சின் எதிர்த்திசையில் சுழன்று பற்றிக்கொள்ளக்கூடும். அப்போது காற்று சைலன்சர் வழியாக உள்ளே வந்து மேனிஃபோல்ட் வழியாக வெளியேறும், வெஞ்சுரியில் உறிஞ்சல் இருக்காது, கவர்னர் செயல்படாது. ஏர் கிளீனரிலிருந்து புகை வருவதுதான் அடையாளம். உடனே ஸ்டாப் கேபிளை இழுத்து, பிரேக்கை அழுத்தி நிறுத்த வேண்டும். எனவே ஸ்டாப் கேபிளை, அது சும்மா கிடக்கும் பொருள் என்று விட்டுவிடாமல், வெஞ்சுரி பூட்டும் அதே நாளில் புதிதாக மாற்றி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடி இழுத்தால் ராக் முழுவதும் ஸ்டாப் நிலைக்குப் போகிறதா என்று பம்பருகே ஒருவரை நிறுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.